நர்சிங் அசிஸ்டென்ட் வேலையிலிருந்து ஸ்டாஃப் நர்ஸ் வரை: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் மருத்துவமனைக்குப் பஞ்சமில்லை. சி.எம்.சி., அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ராணிப்பேட்டைப் பக்கம் போனால் ஸ்கடர் நினைவு மருத்துவமனை, இவை போக ஊரெங்கும் சின்னச் சின்ன நர்சிங் ஹோம்கள். எல்லா இடத்திலும் படுக்கை மாற்ற, உடம்பு துடைத்துவிட, பி.பி. பார்க்க, ஸ்ட்ரெச்சர் தள்ள நர்சிங் அசிஸ்டென்ட்கள் இருக்கிறார்கள். குடியாத்தம், ஆற்காடு, பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். நான் ஸ்டாஃப் நர்ஸ். டியூட்டி மாறும் நேரத்தில் இவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் வாய்மொழியிலேயே எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறேன். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும். நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் விவரக்குறிப்பையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஆறு வருஷமா வார்டுல இருக்கேன். இன்னும் கொஞ்ச வருஷம் போனா சர்வீஸ்லயே ஸ்டாஃப் நர்ஸ் ஆக்கிடுவாங்களாக்கா?

ஆக்க மாட்டார்கள், ஆக்கவும் முடியாது. செவிலியர் என்பது மருத்துவமனை கொடுக்கும் பதவி உயர்வு அல்ல. தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு இருந்தால்தான் செவிலியர். 1926-ல் வந்த சட்டத்தின்படி நடக்கும் பதிவு அது. அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்தவர்களுக்கு மட்டும்தான் பதிவு எண் கிடைக்கும். ஆறு வருஷ அனுபவத்துக்கு சீனியர் அசிஸ்டென்ட் என்ற பெயரும் கொஞ்சம் சம்பளமும் கூடலாம். எண் கிடைக்காது.

அந்த அனுபவத்தைக் காட்டி மூன்று வருஷப் படிப்பில் ஒரு வருஷம் குறைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். குறைக்க வழியில்லை. திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் அனுபவத்தைச் சோதித்துத் தரும் சான்றிதழ் உண்டு. அது நீங்கள் நல்ல அசிஸ்டென்ட் என்பதற்கான சான்று, அவ்வளவுதான்.

நான் படிச்சதும் நர்சிங் கோர்ஸ்தானே? சர்டிபிகேட்ல 'டிப்ளமோ இன் நர்சிங்'னே போட்டிருக்கே?

மனசு வலிக்கும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் ஏதோ ஒரு மாடிக் கட்டடத்தில் ஆறு மாதமோ ஒரு வருஷமோ காசு கட்டிப் படித்தவராக இருப்பார். இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகரிக்கும் அடிப்படைப் படிப்புகள் மூன்று: 2 வருஷ ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு), 3 வருஷ ஜி.என்.எம். (செவிலியர் டிப்ளமோ), 4 வருஷ பி.எஸ்சி. நர்சிங் (பட்டப்படிப்பு). உங்கள் படிப்பு இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றால், சான்றிதழில் என்ன பெயர் அச்சடித்திருந்தாலும் அது உதவியாளர் படிப்புதான்.

புதிதாக எங்காவது சேரப்போகும் தங்கைக்கோ பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கோ ஒரு கேள்வியைச் சொல்லிக் கொடுங்கள்: "இதை முடிச்சா மாநிலக் கவுன்சில்ல ரிஜிஸ்டர் பண்ண முடியுமா?" ஆமாம், இல்லை என்று பதில் வராமல் "நூறு சதவீதம் வேலை வாய்ப்பு" என்று பேச்சு திரும்பினால் எழுந்து வந்துவிடலாம்.

அப்போ அந்த மூணுல எனக்கு எது சரிப்படும்?

வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஜி.என்.எம். மூன்று வருஷத்தில் பதிவு பெற்ற செவிலியர் ஆகிவிடலாம். பிறகு வேலை பார்த்துக் கையில் காசு சேர்ந்ததும் 2 வருஷ போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்தால் பட்டதாரியும் ஆகலாம். படிப்பை இரண்டு தவணையாகப் பிரித்துக்கொள்ள முடிவது இதில்தான்.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து நல்ல மதிப்பெண்ணும் குறைந்த வயதும் இருந்தால் பி.எஸ்சி.க்கு முயலுங்கள். கவுன்சிலிங்கில் அரசு இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். ஏ.என்.எம். பெண்களுக்கு மட்டும். துணை சுகாதார நிலையம், கிராமப் பணி என்று போக விரும்புகிறவர்களுக்கு நல்ல படிப்பு. ஆனால் ஆஸ்பத்திரி வார்டில் ஸ்டாஃப் நர்ஸ் ஆவதுதான் குறி என்றால், ஏ.என்.எம். முடித்த பிறகும் ஜி.என்.எம். மூன்று வருஷம் முழுதாகப் படிக்க வேண்டும். மொத்தம் ஐந்து வருஷம்.

பிளஸ் டூல நான் காமர்ஸ் குரூப். சயின்ஸ் இல்லாம சேர முடியாதுன்றாங்களே?

பி.எஸ்சி.க்கு அது உண்மை. ஜி.என்.எம்.முக்கு உண்மையல்ல. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பிளஸ் டூவில் ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்து 40 சதவீத மதிப்பெண்ணோடு தேர்ச்சி பெற்றிருந்தால் போதும். அறிவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு, மற்றவர்களுக்குத் தடை இல்லை. ஏ.என்.எம்.முக்கும் கலைப் பிரிவு செல்லும்.

ஒரே சிக்கல் போட்டிதான். அரசு செவிலியர் பள்ளி இடங்களுக்குக் கூட்டம் அதிகம். காமர்ஸ் பிரிவில் சுமாரான மதிப்பெண் என்றால் தனியார் பள்ளி என்ற கணக்கோடே திட்டம் போடுங்கள்.

ஸ்கூல்ல வொகேஷனல் நர்சிங் குரூப் எடுத்தேன். நான் பாதி நர்ஸ்தானே?

பாதி நர்ஸ் என்று ஒன்று கிடையாது. ஆனால் அந்தக் குரூப்பை மட்டமாக நினைக்க வேண்டாம். ஜி.என்.எம். சேர அது செல்லும். முதல் வருஷப் பாடங்களும் உங்களுக்குக் கொஞ்சம் பழகியதாக இருக்கும்.

பத்தாவதோட நின்னுட்டேன். எங்க வூட்ல இனிமே ஸ்கூலுக்கு அனுப்ப மாட்டாங்க. வழி இருக்கா?

இருக்கிறது, ஆனால் முதலில் பிளஸ் டூ. இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க முடியாது. வேலை பார்த்துக்கொண்டே முடிக்கக்கூடிய படியும் இது ஒன்றுதான். தனித்தேர்வராக எழுதலாம். இல்லையென்றால் மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதலாம். திறந்தநிலைப் பள்ளிப் பிளஸ் டூவை நர்சிங் கவுன்சில் ஏற்கிறது. இருந்தாலும் சேர நினைக்கும் செவிலியர் பள்ளியில் இந்தச் சான்றிதழை எடுப்பீர்களா என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஆங்கிலத்தைக் கட்டாயம் ஒரு பாடமாக எடுங்கள். அதை விட்டுவிட்டு நான்கு பாடம் பாஸ் செய்து பயனில்லை.

பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக பி.ஏ. முடித்தவர்களும் வருகிறார்கள். டிகிரியே இருக்கிறதே என்பார்கள். கேட்கப்படும் தகுதி பிளஸ் டூ. அந்த இடத்தில் பி.ஏ.வைக் காட்ட முடியாது.

எனக்கு 33 ஆச்சு, ரெண்டு பசங்க. லேட் ஆயிடுச்சா?

கவுன்சில் விதியில் ஜி.என்.எம்., ஏ.என்.எம். இரண்டுக்கும் குறைந்தபட்ச வயது 17, அதிகபட்சம் 35. ஏற்கெனவே ஏ.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர்கள் ஜி.என்.எம். சேர உச்சவயது இல்லை. அதனால் 33 என்றால் கதவு மூடவில்லை, மூடப்போகிறது. பிளஸ் டூ கையில் இருந்தால் இந்த ஜூனிலேயே முடிவெடுங்கள். அரசு செவிலியர் பள்ளிகளின் விவரக்குறிப்பில் வயது வரம்பு தனியாகப் போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள்.

குழந்தை இருப்பது தகுதிக் குறைவல்ல. ஆனால் பல பள்ளிகளில் ஹாஸ்டல் கட்டாயம். வீட்டிலிருந்து வந்துபோக விடுவார்களா என்பதுதான் சேர்வதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஃபீஸ்கூட இரண்டாவதுதான். கைக்குழந்தையை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு "ஆயா பாத்துக்கும்" என்பதோடு நிறுத்தாமல், அந்தப் பாட்டியிடமே கேட்டுவிடுங்கள்.

வேலை செஞ்சிக்கினே படிக்க முடியாதா? கரெஸ்பாண்டன்ஸ்ல இருக்குதுன்னு ஒருத்தர் சொன்னாரு.

அஞ்சல் வழியில் ஜி.என்.எம். கிடையாது, பி.எஸ்சி.யும் கிடையாது. அப்படிச் சொல்கிறவர் பணம் வாங்கப் பார்க்கிறார். இது முழுநேரப் படிப்பு. வகுப்பு, செய்முறை இரண்டிலும் 80 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வு எழுத விடுவார்கள். வார்டு பயிற்சியில் விட்டுப்போன நாட்களையும் ஈடுகட்டி நூறு சதவீதம் ஆக்கினால்தான் கடைசியில் சான்றிதழ். வகுப்பு போக வார்டு போஸ்டிங், கிராமப்புற போஸ்டிங், மனநல மருத்துவமனைப் போஸ்டிங் எல்லாம் உண்டு. இதற்கு நடுவில் முழு ஷிப்ட் வேலை நுழையாது.

நைட் டியூட்டி மட்டும் பார்த்துவிட்டுக் காலையில் வகுப்புக்கு வரலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ராத்திரி முழுக்க விழித்துவிட்டு உடற்கூறியல் வகுப்பில் உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும், முதல் வருஷத் தேர்விலேயே அது தெரிந்துவிடும். தூக்கக் கலக்கத்தோடு போஸ்டிங்கில் மருந்து எடுப்பது நோயாளிக்கும் ஆபத்து. விடுமுறை நாட்களில் வீட்டில் இருக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகலாம், அசிஸ்டென்ட் அனுபவம் அங்கே கைகொடுக்கும். அது கைச்செலவுக்கு ஆகும். வீட்டு வாடகைக்கு ஆகாது.

அப்போ மூணு வருஷம் வூட்டுக்கு யாரு காசு குடுப்பாங்க?

என்னைக் கேட்டால் உண்மையான நுழைவுத் தேர்வே இதுதான். நடுவில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் பாடத்தில் தோற்று நிற்பதில்லை. வீட்டில் ஏதாவது ஒரு தவணை நின்றுபோய், "கொஞ்ச நாள் வேலைக்குப் போய்ட்டு வர்றேன்" என்று கிளம்புகிறவர்கள் திரும்புவதில்லை. அதனால் ஃபீஸ் கணக்குக்கு முன்னால் வீட்டுக் கணக்கை எழுதுங்கள். வாடகை, சிலிண்டர், பால், பிள்ளைகள் ஃபீஸ், அப்பாவின் சுகர் மாத்திரை, நகைக்கடன் வட்டி, குழுக்கடன் தவணை. இதில் உங்கள் சம்பளத்திலிருந்து போவது எவ்வளவு என்று தனியாகக் கூட்டுங்கள். அந்தத் தொகையை யார் ஏற்கப்போகிறார்கள் என்று பெயர் போட்டு எழுதுங்கள். ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்குப் போகும் தம்பி எவ்வளவு, பீடி சுற்றும் அம்மா எவ்வளவு, வீட்டுக்காரர் எவ்வளவு என்று. "பாத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்த வரியில் பூஜ்யம் போடுங்கள்.

சேர்வதற்கு முந்தைய ஒரு வருஷத்தைத் தயாரிப்பு வருஷமாக வைத்துக்கொள்வது நல்லது. வாரத்தவணை மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். ஃபீஸ் கட்டுவதற்காக அதே இடத்தில் புதுக்கடன் வாங்கவே வாங்காதீர்கள், வேலையில்லாதவரால் வாரத்தவணை கட்ட முடியாது. சீட்டு போட்டிருந்தால் முதல் வருஷ ஃபீஸ் கட்டும் மாதத்தில் கைக்கு வரும்படி பாருங்கள். வேலையை விட்டால் இ.எஸ்.ஐ. சலுகையும் கொஞ்ச நாளில் நின்றுபோகும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையை வேலையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். பி.எஃப். பணத்தைத் துடைத்து எடுக்கும் முன் ஒன்றை யோசியுங்கள்: அதிலுள்ள ஓய்வூதியத்துக்கு 10 வருஷ சர்வீஸ் வேண்டும். படித்துவிட்டு இதே தொழிலுக்குத்தான் வரப்போகிறீர்கள், பழைய வருஷங்கள் வீணாக வேண்டாம்.

அக்கா தங்கை இருவரும் அசிஸ்டென்டாக இருந்தால் முறை வைத்துக்கொள்ளலாம். ஒருத்தி படிக்கும்போது இன்னொருத்தி சம்பாதிப்பது, பிறகு மாற்றிக்கொள்வது. வயது வரம்பு நெருங்கியவர் முதலில் போகட்டும். இரண்டாவது ஆளின் முறை வரும்போது கல்யாணப் பேச்சு குறுக்கே வரும், அதையும் முன்பே பேசி வையுங்கள்.

கவர்மென்ட்ல எதாவது உதவி கிடைக்குமா? பேங்க்ல லோன் குடுப்பாங்களா?

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், அதே தொகை. பட்டம், டிப்ளமோ இரண்டுக்கும் பொருந்தும். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும், சேர்ந்த வாரமே அலுவலகத்தில் கேளுங்கள். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு, பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. வீட்டிலிருந்து வந்துபோக அனுமதி இருந்தால் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. சின்ன விஷயம்தான், மூன்று வருஷத்துக்குக் கூட்டிப் பார்த்தால் சின்னதில்லை.

கல்விக்கடனுக்கு வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 4 லட்சம் வரை அடமானம் கேட்கக்கூடாது. படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்தக் கால வட்டிக்கு மத்திய அரசின் மானியத் திட்டம் இருக்கிறது, விண்ணப்பிக்கும்போதே அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். கடன் கேட்கப் போகும்போது மூன்று வருஷத்துக்கான முழு ஃபீஸ் விவரம் பள்ளியின் லெட்டர்பேடில் வேண்டும். யூனிஃபார்ம், தேர்வுக் கட்டணம், போஸ்டிங் பஸ், ஹாஸ்டல், மெஸ் எல்லாம் அதில் இருக்கட்டும். வாய்வார்த்தையாகச் சொன்ன ஃபீஸ் இரண்டாம் வருஷத்தில் வளர்ந்துவிடும்.

சித்தூர் பக்கத்துல ஒரு காலேஜ், வாரத்துக்கு ரெண்டு நாள் வந்தா போதுமாம். ஏஜென்ட் சொன்னாரு. சேரலாமா?

வெளிமாநிலத்தில் படிப்பது தப்பில்லை. சித்தூருக்கும் பெங்களூருக்கும் இங்கிருந்து எத்தனையோ பேர் போய்ப் படித்து வந்திருக்கிறார்கள். அந்த மாநிலக் கவுன்சிலில் முதலில் பதிவு செய்துவிட்டு, பிறகு தமிழ்நாடு கவுன்சிலுக்கு மாற்றிக்கொள்வார்கள். அதற்கு அந்தக் கல்லூரி, நீங்கள் சேரும் ஆண்டில், அந்த மாநிலக் கவுன்சில் பட்டியலிலும் இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலிலும் இருக்க வேண்டும். ஏஜென்ட் காட்டும் ஜெராக்ஸை நம்பாமல் இணையதளத்தில் நீங்களே பாருங்கள்.

வாரத்துக்கு இரண்டு நாள் என்பதுதான் விஷம். மேலே சொன்ன 80 சதவீத விதி எல்லா மாநிலத்துக்கும் ஒன்றுதான். வராத நாளுக்கு வந்ததாக எழுதிக்கொடுக்கும் இடத்தின் சான்றிதழ் பதிவு மாற்றும்போதோ, வெளிநாட்டு வேலைக்குச் சரிபார்க்கும்போதோ மாட்டும். நீங்கள் இன்ன ஆஸ்பத்திரியில் முழுநேர வேலை பார்த்ததற்கு பி.எஃப். கணக்கே சாட்சி சொல்லும்.

எங்க ஆஸ்பத்திரியே படிக்க வெக்கிறேன்றாங்க. பாண்டு எழுதித் தரணுமாம்.

ஃபீஸை அவர்கள் கட்டி, நீங்கள் படித்து முடித்து அங்கேயே சில வருஷம் வேலை பார்ப்பது என்பது நியாயமான பேரமாகவே இருக்கலாம். மிஷன் மருத்துவமனைகளில் பழைய வழக்கம் இது. சி.எம்.சி.யிலும் திருச்சபைகளின் பரிந்துரையோடு சேர்கிறவர்களுக்குப் படித்த பின் சேவைக் கடப்பாடு உண்டு. பேரத்தைப் பேப்பரில் பாருங்கள்: எத்தனை வருஷம், அந்தக் காலத்தில் சம்பளம் எவ்வளவு, நடுவில் போனால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும். மூன்றாவது இல்லாத பாண்டில் கையெழுத்துப் போடாதீர்கள். அசல் சான்றிதழ்களைக் கேட்டால் கொடுக்க வேண்டாம். சரிபார்க்கக் காட்டலாம், நகல் கொடுக்கலாம்.

தமிழ் மீடியம் படிச்சேன். இங்கிலீஷ்ல எழுதி பாஸ் பண்ண முடியுமா?

முதல் ஆறு மாதம் கஷ்டமாக இருக்கும். உடற்கூறியல், நுண்ணுயிரியல் இரண்டும் மிரட்டும். ஆனால் வார்டில் இருந்து வருகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எடிமா என்று புத்தகத்தில் படிக்கும் முன்பே வீங்கிய காலை அழுத்திப் பார்த்திருப்பீர்கள். இப்போதிலிருந்தே இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டு, கேஸ் ஷீட்டில் வரும் வார்த்தைகளைத் தினம் கொஞ்சம் நோட்டில் எழுதுங்கள், நோயாளி பெயர் வேண்டாம். செவிலியம் அடிப்படைகள் பாடத்தில் நீங்கள்தான் வகுப்பிலேயே கெட்டிக்காரராக இருப்பீர்கள். அங்கே ஒரு எச்சரிக்கை: "எங்க ஆஸ்பத்திரில இப்படித்தான் செய்வோம்" என்று டீச்சரிடம் வாதாடாதீர்கள். செய்முறைத் தேர்வில் புத்தக வரிசைக்குத்தான் மதிப்பெண்.

ஆம்பளைங்களுக்கு இது உண்டா?

ஜி.என்.எம்., பி.எஸ்சி. உண்டு, ஏ.என்.எம். கிடையாது. அரசு டிப்ளமோ பள்ளிகள் பெண்களுக்கானவை என்பதால் பெரும்பாலும் தனியார் பள்ளிதான், ஆகவே செலவு கூடும். ஐ.சி.யூ., டயாலிசிஸ், அவசரப் பிரிவுகளில் ஆண் செவிலியர்களை விரும்பி எடுக்கிறார்கள்.

ஜி.என்.எம்.மையே மூடப்போறாங்களாமே, இப்போ சேந்தா வேஸ்ட்டா?

அதை நிறுத்திவிட்டு பி.எஸ்சி. மட்டும் வைக்கலாம் என்ற பேச்சு கவுன்சில் அளவிலேயே எழுந்தது உண்மை. ஆனாலும் சேர்க்கை தொடர்ந்து நடக்கிறது. நாளைக்கே நிறுத்தினாலும் புதுச் சேர்க்கைதான் நிற்கும். ஏற்கெனவே பதிவு பெற்றவர்களின் பதிவு போகாது. முன்பு சொன்ன போஸ்ட் பேசிக் வழியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் இன்சார்ஜ் பதவிக்கு மேலே போக டிகிரி கேட்பது கூடிக்கொண்டு வருகிறது.

முடிச்சிட்டு அதே ஆஸ்பத்திரிக்கே ஸ்டாஃப் நர்ஸா வந்தா பழைய சர்வீஸ் சேருமா? பழைய ஆளுங்க மதிப்பாங்களா?

பழைய சர்வீஸ் தானாகச் சேராது. புது நியமன ஆணை, புதுப் பதவி, ஆரம்பச் சம்பளம். அசிஸ்டென்டாக வேலை பார்த்த வருஷங்களுக்குக் கொஞ்சம் கூட்டித் தரச் சொல்லி ஆணை வாங்கும் முன் கேட்கலாம், வாங்கிய பிறகு கேட்டால் பேச்சு எடுபடாது. தேர்வு முடிவு வந்ததும் கவுன்சில் பதிவை முடித்துவிட்டுப் பிறகு சேருங்கள். "பதிவு வர்ற வரைக்கும் பழைய சம்பளத்துலயே இருங்க" என்று மாதக்கணக்கில் இழுப்பதற்கு இடம் கொடுக்காமல் இருக்கும். அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வரும், அதற்கும் அந்தப் பதிவு எண்தான் முதல் தேவை.

மதிப்பு விஷயத்தில், நேற்றுவரை கூடச் சாப்பிட்டவர்களிடம் இன்று வேலை சொல்ல வேண்டியிருக்கும். சிலருக்கு முகம் கோணும். முடிந்தால் முதல் இரண்டு வருஷம் வேறு ஆஸ்பத்திரியில் சேருங்கள், அல்லது அதே இடத்தில் வேறு வார்டு கேளுங்கள். பழைய வார்டே கிடைத்தால், பெட்பான் வைக்கப் பக்கத்தில் ஆள் இல்லாத நேரத்தில் நீங்களே எடுத்து வைத்துவிடுங்கள். முக்கால்வாசிப் பேர் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மீதிக் கால்வாசி எப்படியும் சொல்லிக்கொண்டுதான் இருக்கும்.